பொதியின் முன்பக்கமும் பின்பக்கமும்: சீஸ்-இற் பிஸ்கற்றை உதாரணமாகக் கொண்டு உணவுச் சுட்டுத்துண்டை வாசித்தல்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் உணவும் போசணையும் தொடர்பான வினாக்களில் பெரும்பாலும் ஓர் உணவுப் பொதியின் விபரம் தரப்பட்டு, அதிலிருந்து விடை எழுதும்படி கேட்கப்படும். வரைவிலக்கணங்களை மனனம் செய்த மாணவர்கள்கூட இத்தகைய வினாவில் புள்ளிகளை இழப்பதுண்டு. தரப்பட்ட தரவுகளை வாசித்து, கணித்து, முடிவு கூறும் பயிற்சி இன்மையே இதற்குக் காரணமாகும்.

அப்பயிற்சியை வழங்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இதற்கு உதாரணமாக ஐக்கிய அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விற்கப்படும் சீஸ்-இற் என்னும் பாற்கட்டிச் சுவையுள்ள சிறிய பிஸ்கற்றை எடுத்துக்கொள்வோம். நமது ஊர்க் கடைகளில் நாம் நாளாந்தம் காணும் கிறீம் கிறக்கர் பொதியை எடுத்திருக்கலாமே என நீங்கள் எண்ணக்கூடும். பழகிய பொதியை நாம் வாசிப்பதில்லை. அதன் நிறத்தைக் கண்டதும் வாங்கிவிடுகிறோம். பழகாத ஒரு பொதியை வாசிக்கக் கற்றால் எப்பொதியையும் வாசிக்கலாம்.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,
• வர்த்தக நாமத்துக்கும் உற்பத்தியாளருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவீர்கள்.
• சேர்மானப் பொருட்களின் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றினதும் பணியைக் கூறுவீர்கள்.
• சோடியத்தின் அளவிலிருந்து உப்பின் அளவைக் கணிப்பீர்கள்.
• பொதியின் முன்பக்கக் கூற்றைப் பின்பக்கத் தரவுடன் ஒப்பிட்டு மதிப்பிடுவீர்கள்.

1. பண்டத்தின் வரலாறு

சீஸ்-இற் என்பது ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட, ஏறக்குறையச் சதுரமான, நடுவில் ஒரு சிறு துளையுடைய, செம்மஞ்சள் நிறப் பிஸ்கற் ஆகும். இது எண்ணெயில் பொரிக்கப்படுவதில்லை, போறணையில் வெதுப்பப்படுகின்றது.

இதனை முதலில் உற்பத்தி செய்தது ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் இயங்கிய கிறீன் அன் கிறீன் கம்பனி ஆகும். இக்கம்பனி 1921 ஆம் ஆண்டில் இப்பெயரை வர்த்தகக் குறியாக்கியது. அக்காலத்தில் பாணை வாட்டி, அதன்மேல் உருகிய பாற்கட்டியை ஊற்றி உண்ணும் "வெல்ஷ் றெயர்பிற்" என்ற உணவு மக்களுக்குப் பழக்கமானதாக இருந்தது. எனவே இப்பிஸ்கற் "வெதுப்பிய றெயர்பிற்" என விளம்பரப்படுத்தப்பட்டது. புதிய பண்டம் ஒன்றை மக்கள் ஏற்கனவே அறிந்த பண்டம் ஒன்றின் பெயரால் அறிமுகப்படுத்துவது விளம்பர உத்திகளுள் ஒன்றாகும்.

இதன் பின்னர் பண்டத்தின் உரிமை பின்வருமாறு கைமாறியது.

• 1932: லூஸ்-வைல்ஸ் பிஸ்கற் கம்பனி, கிறீன் அன் கிறீன் கம்பனியை வாங்கியது. இக்கம்பனி 1946 இல் சண்ஷைன் பிஸ்கற் என்ற பெயரைப் பெற்றது.
• 1966: அமெரிக்கன் ரொபாக்கோ கம்பனி, சண்ஷைன் கம்பனியை வாங்கியது.
• 1996: கீப்ளர் கம்பனி, சண்ஷைன் கம்பனியை வாங்கியது.
• 2001: கெலோக் கம்பனி, கீப்ளர் கம்பனியை வாங்கியது.
• 2023: கெலோக் கம்பனி இரண்டாகப் பிரிந்தபோது சீஸ்-இற், கெலனோவா எனப் பெயர் மாறிய கம்பனியின் பங்கில் சேர்ந்தது.

இப்பட்டியலில் கவனிக்க வேண்டியது யாது? உரிமையாளர்கள் பல தடவை மாறினர். ஆயினும் பொதியிலுள்ள பெயர் மாறவில்லை. இதிலிருந்து நாம் அறிவது, வர்த்தக நாமம் என்பது அதனை உற்பத்தி செய்யும் நிறுவனத்திலிருந்து வேறானது என்பதாகும். நுகர்வோர் பெயரை நம்பி வாங்குகின்றனர். அந்நம்பிக்கைக்குப் பணப் பெறுமதி உண்டு. கட்டடம், பொறி ஆகியவற்றைப் போலத் தொட்டுப் பார்க்க முடியாதாயினும் அது ஒரு சொத்தே. இதனால் வர்த்தகக் குறி, நன்மதிப்பு என்பன புலனாகாச் சொத்துக்கள் எனப்படும்.

2. சேர்மானப் பொருட்களின் பட்டியல்

சுட்டுத்துண்டு, அதாவது லேபலில் சேர்மானப் பொருட்கள் நிறையின் இறங்கு வரிசையில் எழுதப்படும். அதாவது கூடுதலாக உள்ள பொருள் முதலிலும் குறைவாக உள்ள பொருள் பின்னும் வரும். இவ்வொரு விதியை அறிந்தாலே ஒரு பொதியைப் பற்றிப் பல விடயங்களைக் கூறிவிடலாம்.

அமெரிக்காவில் விற்கப்படும் சாதாரண வகைச் சீஸ்-இற் பொதியின் பட்டியலில் உள்ள முக்கிய பொருட்கள் வருமாறு: போசணை செறிவூட்டப்பட்ட கோதுமை மா, தாவர எண்ணெய், கொழுப்பு நீக்கிய பாலிற் செய்த பாற்கட்டி. இவற்றின் பின் "2 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாக உள்ளவை" என்ற தலைப்பின்கீழ் உப்பு, பப்றிக்கா என்னும் மிளகாய்த் தூள், மதுவம், சோயா லெசித்தின் முதலியன இடம்பெறும்.

பெயர் பாற்கட்டிப் பிஸ்கற். ஆனால் பட்டியலில் பாற்கட்டி மூன்றாவது இடத்திலேயே உள்ளது. முதலிடம் மாவுக்கு, இரண்டாமிடம் எண்ணெய்க்கு. பண்டத்தின் பெயர் அதன் சுவையைக் கூறுகிறது. பட்டியல் அதன் அமைப்பைக் கூறுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இனி இப்பொருட்களின் பணிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அ. செறிவூட்டப்பட்ட கோதுமை மா
கோதுமை மணியில் தவிடு, முளையம், வித்தகவிழையம் என மூன்று பகுதிகள் உண்டு. வெள்ளை மா தயாரிக்கும்போது தவிடும் முளையமும் நீக்கப்படுகின்றன. அவற்றுடன் நார்ப்பொருள், பீ தொகுதி விற்றமின்கள், கனியுப்புக்கள் என்பனவும் பெருமளவில் நீங்கிவிடுகின்றன. நீங்கிய போசணைகளுட் சிலவற்றை மீண்டும் சேர்ப்பதே செறிவூட்டல் ஆகும். அமெரிக்காவில் செறிவூட்டப்பட்ட மாவில் தயமின், ரைபோபிளேவின், நயசின், இரும்பு ஆகியன சேர்க்கப்படுகின்றன. 1998 ஆம் ஆண்டு முதல் போலிக்கமிலம் சேர்ப்பதும் கட்டாயமாக்கப்பட்டது. கருவில் வளரும் குழந்தையின் மூளை, முண்ணாண் ஆகியவற்றில் ஏற்படும் பிறவிக் குறைபாடுகளைக் குறைப்பதே அதன் நோக்கம்.
குறிப்பு: செறிவூட்டலால் நார்ப்பொருள் திரும்பி வருவதில்லை. எனவே செறிவூட்டப்பட்ட மாவும் முழுத்தானிய மாவும் ஒன்றல்ல.

ஆ. தாவர எண்ணெய்
பிஸ்கற் மொறுமொறுப்பாக உடைவதற்கு எண்ணெய் உதவுகிறது. மாத் துணிக்கைகளை எண்ணெய் சூழ்வதால் குளூட்டன் நீண்ட இழைகளாக உருவாவது தடுக்கப்படும். எண்ணெய் வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்றால் பாண்டலடைந்து கெட்ட மணம் வீசும். அதனைத் தாமதப்படுத்த ரீ.பீ.எச்.கியூ. என்னும் ஒட்சியேற்ற எதிரி மிகச் சிறிதளவில் சேர்க்கப்படுவதுண்டு.

இ. பாற்கட்டி
பாலில் இலற்றிக்கமில பற்றீரியாக்களும் நொதியமும் சேர்க்கப்படும்போது பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் திரள்கிறது. திரளைப் பிரித்தெடுத்து, நீரை வடித்து, உப்பிட்டுப் பாற்கட்டி பெறப்படும். பாற்கட்டியில் ஏற்கனவே உப்பு உண்டு என்பதை நினைவிற் கொள்க. அனாட்டோ என்னும் தாவரத்தின் விதையிலிருந்து பெறப்படும் சாயம் இதற்குச் செம்மஞ்சள் நிறத்தை அளிக்கும். ஆகவே பிஸ்கற்றின் கடும் நிறத்தைக் கண்டு அதில் பாற்கட்டி மிகுதியாக உண்டு என முடிவு செய்வது தவறாகும்.

ஈ. மதுவம்
மதுவம் மாவிலுள்ள வெல்லங்களை நொதிக்கச் செய்து காபனீரொட்சைட்டையும் எதனோலையும் தோற்றுவிக்கும். பிஸ்கற்றின் சுவைக்கும் மணத்துக்கும் இந்நொதித்தல் உதவுகின்றது.

உ. சோயா லெசித்தின்
இது ஒரு குழம்பாக்கி. நீரும் எண்ணெயும் வேறாகப் பிரியாமல் ஒன்றுசேர உதவும்.

ஒவ்வாமை பற்றிய தகவலும் இப்பட்டியலிலிருந்தே பெறப்படும். கோதுமை, பால், சோயா ஆகிய மூன்றில் எதற்கேனும் ஒவ்வாமை உள்ள ஒருவர் இப்பிஸ்கற்றை உண்ணலாகாது. பட்டியலை வாசிப்பது சிலருக்கு உயிர் காக்கும் செயலாகும்.

3. வெதுப்பலும் பாதுகாப்பும்

மாக்கலவை மெல்லிய தகடாக உருட்டப்பட்டு, சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, துளையிடப்பட்டுப் போறணைக்கு அனுப்பப்படும். அங்கு நிகழ்பவை:

• வெப்பத்தால் நீர் ஆவியாகி வெளியேறும். நடுவிலுள்ள துளை நீராவி வெளியேற வழிவிடுவதால் பிஸ்கற் அளவுக்கு மீறிக் கொப்புளிப்பது தடுக்கப்படும். துளை வெறும் அழகுக்காக இடப்பட்டதன்று.
• அமினோ அமிலங்களும் வெல்லங்களும் உயர் வெப்பநிலையில் தாக்கமுற்றுக் கபில நிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும். இது மெயிலாட் தாக்கம் எனப்படும்.

பாணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் இருக்க, இத்தகைய பிஸ்கற்றில் நீர் 5 சதவீதத்திலும் குறைவாகும். நுண்ணங்கிகள் வளர நீர் அவசியம். ஆதலால் பாணில் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்க, பிஸ்கற் பல மாதங்கள் கெடாதிருக்கும். பிஸ்கற்றுக்கு எதிரி நுண்ணங்கியைவிட வளியிலுள்ள ஈரப்பதனும் ஒட்சிசனுமே. ஈரத்தை உறிஞ்சினால் பதங்கெட்டு நமுத்துவிடும். ஒட்சிசனால் எண்ணெய் பாண்டலடையும். எனவேதான் பெட்டியின் உள்ளே ஈரம் புகாத பை ஒன்று வைக்கப்படுகின்றது. திறந்த பொதியை இறுக மூடி வைக்க வேண்டும் என்பதற்குரிய விஞ்ஞானக் காரணமும் இதுவே.

4. போசணை அட்டவணை

அமெரிக்கப் பொதியில் போசணைத் தரவுகள் "ஒரு பரிமாறும் அளவு" என்ற அடிப்படையில் தரப்படும். சாதாரண வகைச் சீஸ்-இற்றில் ஒரு பரிமாறும் அளவு 27 பிஸ்கற்றுக்கள், அதாவது 30 கிராம் ஆகும். அதிலுள்ளவை:

சக்தி: 150 கிலோ கலோரி
மொத்தக் கொழுப்பு: 8 கிராம்
காபோவைதரேற்று: 17 கிராம்
புரதம்: 3 கிராம்
சோடியம்: 230 மில்லிகிராம்
சீனி: 0 கிராம்

(அமெரிக்கப் பொதிகளில் கலோரி என எழுதப்படுவது கிலோ கலோரியையே குறிக்கும். உற்பத்தியாளர் காலத்துக்குக் காலம் சேர்மானங்களை மாற்றுவதால் இத்தரவுகளும் சிறிது மாறக்கூடும்.)

கணிப்பு 1: சக்தி சரியா எனப் பார்த்தல்
1 கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரியும், 1 கிராம் காபோவைதரேற்று 4 கிலோ கலோரியும், 1 கிராம் புரதம் 4 கிலோ கலோரியும் தரும்.
கொழுப்பிலிருந்து 8 × 9 = 72
காபோவைதரேற்றிலிருந்து 17 × 4 = 68
புரதத்திலிருந்து 3 × 4 = 12
மொத்தம் = 152 கிலோ கலோரி
பொதியில் 150 என மட்டந்தட்டித் தரப்பட்டுள்ளது. இதிலிருந்து இன்னொரு முடிவுக்கும் வரலாம். நிறையின்படி கொழுப்பு 30 கிராமில் 8 கிராம் மட்டுமே. ஆனால் சக்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. "வெதுப்பப்பட்டது, பொரிக்கப்படவில்லை" என்பதால் கொழுப்புக் குறைவு என எண்ணலாகாது. மாக்கலவையிலேயே எண்ணெய் சேர்க்கப்பட்டுள்ளது.

கணிப்பு 2: சோடியத்திலிருந்து உப்பு
சோடியம் குளோரைட்டில் சோடியத்தின் சார் அணுத்திணிவு 23. குளோரீனின் சார் அணுத்திணிவு 35.5, மொத்தம் 58.5. 58.5 ஐ 23 ஆல் வகுக்க ஏறத்தாழ 2.5 வரும். ஆகவே,
உப்பு = சோடியம் × 2.5
ஒரு பரிமாறும் அளவில் உப்பு = 230 × 2.5 = 575 மில்லிகிராம்
100 கிராமில் உப்பு = 575 ÷ 30 × 100 = ஏறத்தாழ 1917 மில்லிகிராம், அதாவது 1.9 கிராம்.

உலக சுகாதார தாபனம் வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றது. எனவே 100 கிராம் பிஸ்கற் உண்ணும் ஒருவர் அன்றைய எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 38 சதவீதத்தை, ஒரு சிற்றுண்டியிலேயே பெற்றுவிடுகிறார். சோறு, கறி, சம்பல், கருவாடு என்பன இன்னும் கணக்கில் வரவில்லை.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சேர்மானப் பட்டியலில் உப்பு "2 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாக" என்ற வரியிலேயே இருந்தது. இரண்டு சதவீதம் என்றதும் அது மிகச் சொற்பம் என நினைக்கிறோம். ஆனால் உடலுக்கு ஒரு நாளைக்குரிய உப்பின் எல்லையே சில கிராம்கள்தாம். ஆகவே உப்பைப் பொறுத்தவரை 2 சதவீதம் என்பது சிறிய எண்ணன்று. சதவீதத்தைப் பார்த்து முடிவு கூறாமல் நாளாந்த எல்லையுடன் ஒப்பிட்டே முடிவு கூற வேண்டும்.

உப்பு மிகையானால் குருதியமுக்கம் உயரும். உயர் குருதியமுக்கம் பாரிசவாதம், இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். இந்நோய்கள் ஒரே நாளில் வருவதில்லை. சிறு வயதில் நாக்குக்குப் பழக்கும் உப்பின் அளவே பிற்காலத்தில் நாம் விரும்பும் அளவாகிவிடுகிறது. பதினாறு வயதில் இதனைக் கற்பதன் பயன் பரீட்சையுடன் முடிவதில்லை.

நிறக் குறியீடு
இலங்கையில் 2016 இல் மென்பானங்களிலுள்ள சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு அறிமுகமானது. 2019 இல் திண்ம உணவுகளுக்குச் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றையும் காட்டும் குறியீடு அறிமுகமானது. சிவப்பு கூடிய அளவையும், செம்மஞ்சள் நடுத்தர அளவையும், பச்சை குறைந்த அளவையும் காட்டும். எமது உதாரணப் பிஸ்கற்றில் 100 கிராமுக்குக் கொழுப்பு ஏறத்தாழ 26.7 கிராம், உப்பு ஏறத்தாழ 1.9 கிராம், சீனி இல்லை என்று கூறத்தக்க அளவு. ஆகவே கொழுப்பும் உப்பும் கூடிய பகுதியிலும் சீனி குறைந்த பகுதியிலும் அடங்கும். ஒரு பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்து "நல்ல உணவு" என முடிவு செய்யலாகாது. மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

5. முன்பக்கம் கூறியதும் பின்பக்கம் கூறியதும்: ஒரு வழக்கு

சீஸ்-இற்றில் முழுத்தானிய வகை ஒன்றும் விற்கப்பட்டது. அதன் பெட்டியின் முன்பக்கத்தில் "முழுத்தானியம்" அல்லது "முழுத்தானியத்தால் செய்யப்பட்டது" என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தன. ஒரு பரிமாறும் அளவில் 5 கிராம் அல்லது 8 கிராம் முழுத்தானியம் உள்ளது என்பது சிறிய எழுத்தில் இருந்தது. ஆனால் சேர்மானப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது செறிவூட்டப்பட்ட வெள்ளை மாவே.

நியூயோர்க், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த நுகர்வோர் சிலர், இச்சொற்கள் தம்மைத் தவறாக வழிநடத்தியதாகக் கூறிக் கெலோக் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். கம்பனியின் வாதம் யாது? முழுத்தானியம் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. எத்தனை கிராம் என்பதும் பெட்டியிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே பொய் ஏதும் இல்லை என்பதாகும். கீழ் நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2018 டிசம்பரில் அமெரிக்காவின் இரண்டாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கைத் தொடர்ந்து நடத்த அனுமதித்தது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் தோன்றும் தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள, நியாயமான நுகர்வோர் ஒருவர் பக்கவாட்டிலுள்ள சிறிய எழுத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்பது அந்நீதிமன்றத்தின் கருத்தாகும்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் கம்பனி குற்றம் செய்தது என இறுதித் தீர்ப்பு வழங்கவில்லை. நுகர்வோரின் முறைப்பாடு விசாரிக்கத் தக்கது என்றே கூறியது. விடை எழுதும்போது இவ்வேறுபாட்டைப் பேணுங்கள்.

இனி நாமே கணித்துப் பார்ப்போம். அப்பொதியில் ஒரு பரிமாறும் அளவு 29 கிராம்.
8 ÷ 29 × 100 = ஏறத்தாழ 27.6 சதவீதம்
5 ÷ 29 × 100 = ஏறத்தாழ 17.2 சதவீதம்
பெரிய எழுத்திலிருந்த கூற்று உண்மையே. ஆயினும் அதனை வாசித்த ஒருவர் மனத்தில் கொள்ளும் படம் உண்மையன்று. உண்மையான சொற்களாலும் ஒருவரைத் தவறாக எண்ண வைக்கலாம் என்பதே இவ்வழக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நுகர்வோருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் சட்டம் ஆண்டுக்கணக்கில் நடக்கும். நாம் கடையில் நிற்பது ஒரு நிமிடமே. அந்த ஒரு நிமிடத்தில் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பவரே தம்மைத் தாமே பாதுகாத்துக்கொள்கிறார்.

நினைவிற் கொள்க
• பட்டியலில் முதலில் உள்ள பொருளே நிறையில் கூடியது.
• செறிவூட்டிய மா என்பது முழுத்தானியம் அன்று.
• நிறம் பாற்கட்டியின் அளவைக் காட்டாது.
• வெதுப்பப்பட்டது என்பதால் கொழுப்புக் குறைவு எனக் கூற முடியாது.
• உப்பு = சோடியம் × 2.5.
• பரிமாறும் அளவையும் நீங்கள் உண்மையில் உண்ணும் அளவையும் வேறுபடுத்துக.

6. மாதிரி வினாக்கள்

பகுதி அ: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. ஒரு பிஸ்கற் பொதியின் சேர்மானப் பட்டியல் "கோதுமை மா, தாவர எண்ணெய், பாற்கட்டி" என அமைந்துள்ளது. இதிலிருந்து பெறக்கூடிய சரியான முடிவு,
(1) எண்ணெயை விடப் பாற்கட்டி கூடியது (2) மூன்றும் சம அளவின (3) பாற்கட்டியை விட எண்ணெய் நிறையில் குறைந்ததல்ல (4) மாவில் நார்ப்பொருள் மிகுதி

2. வெதுப்பும் முன் பிஸ்கற்றில் துளையிடுவதன் பிரதான நோக்கம்,
(1) நிறத்தைக் கூட்டல் (2) நீராவி வெளியேற உதவல் (3) உப்பைக் குறைத்தல் (4) மதுவத்தை வளர்த்தல்

3. செறிவூட்டலின் மூலம் வெள்ளை மாவுக்கு மீண்டும் கிடைக்காதது,
(1) தயமின் (2) இரும்பு (3) நயசின் (4) நார்ப்பொருள்

4. கம்பனி ஒன்றின் உரிமையாளர் மாறியபோதும் பண்டத்தின் பெயரை மாற்றாது பேணுவதற்கான காரணம்,
(1) பெயரை மாற்றச் சட்டம் இடமளிக்காமை (2) பெயருக்கு நுகர்வோரிடையே உள்ள நன்மதிப்பு (3) உற்பத்திச் செலவு குறைதல் (4) மூலப்பொருள் மாறாமை

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (4), 4 – (2)

பகுதி ஆ: அமைப்புக் கட்டுரை வினா

மாணவர் ஒருவர் தொலைக்காட்சி பார்த்தவாறு மேலே தரப்பட்ட சாதாரண வகைப் பிஸ்கற்றில் 54 ஐ உண்கிறார்.
(i) அவர் உண்ட பிஸ்கற்றின் நிறை யாது?
(ii) அவர் பெற்ற சக்தி எவ்வளவு?
(iii) அவர் உட்கொண்ட உப்பின் அளவைக் கணிக்க.
(iv) வளர்ந்தவர் ஒருவருக்கான நாளாந்த எல்லை 5 கிராம் எனின், அவ்வுப்பு அதன் எத்தனை சதவீதமாகும்?
(v) இச்சிற்றுண்டிக்குப் பதிலாக நீங்கள் சிபாரிசு செய்யும் இரண்டைக் காரணத்துடன் கூறுக.

விடை:
(i) 27 பிஸ்கற்றுக்கள் 30 கிராம். ஆகவே 54 பிஸ்கற்றுக்கள் 60 கிராம்.
(ii) 150 × 2 = 300 கிலோ கலோரி.
(iii) சோடியம் 230 × 2 = 460 மி.கி.; உப்பு 460 × 2.5 = 1150 மி.கி., அதாவது 1.15 கிராம்.
(iv) 1.15 ÷ 5 × 100 = 23 சதவீதம்.
(v) அவித்த கடலை: புரதமும் நார்ப்பொருளும் உண்டு, உப்பின் அளவை நாமே தீர்மானிக்கலாம். வாழைப்பழம்: நார்ப்பொருளும் பொற்றாசியமும் உண்டு, உப்பும் கொழுப்பும் மிகக் குறைவு.

விடை எழுதுவோர் கவனத்திற்கு: கணிப்பு வினாக்களில் அலகை எழுதத் தவறாதீர்கள். 1150 என்று மட்டும் எழுதினால் அது மில்லிகிராமா, கிராமா எனத் தெரியாது. "காரணத்துடன்" எனக் கேட்கப்பட்டால் உணவின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "இது கூடாத உணவு" என ஒரே சொல்லில் முடிவு கூறாது, எப்போசணை கூடியது, எது குறைந்தது, எவ்வளவு உண்டால் எல்லை மீறும் எனத் தரவுடன் எழுதுங்கள். எப்போதாவது சிறிதளவு உண்பதும் நாளாந்தம் பொதி முழுவதையும் உண்பதும் ஒன்றல்ல.

செயற்பாடு
உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு பிஸ்கற் பொதியை எடுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ளவற்றை ஒரு தாளில் இடப்புறம் எழுதுங்கள். பின்பக்கத்திலுள்ள முதல் மூன்று சேர்மானங்களையும், கொழுப்பு, சீனி, சோடியம் ஆகியவற்றின் அளவுகளையும் வலப்புறம் எழுதுங்கள். இரு புறமும் ஒன்றையொன்று ஆதரிக்கின்றனவா என ஒப்பிடுங்கள். வீட்டில் உயர் குருதியமுக்கம் உள்ள அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், அவர்கள் மாலைத் தேநீருடன் உண்ணும் பிஸ்கற்றின் உப்பைக் கணித்து அவர்களுக்குச் சொல்லுங்கள். இப்பாடத்தை நீங்கள் விளங்கிக்கொண்டீர்களா என்பதை அதைவிட நன்றாகச் சோதிக்கும் வினாத்தாள் வேறில்லை.